சுருள்முடிப் பாடகரும் பால்மரக்காட்டு ரசிகர்களும்

2007 ஜூன் 4ஆம் தேதி லோகநாதன் ஆறுமுகம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 54. மலேசியாவில் அவரை முழுப்பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் குறைவு. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவர் 'லோகா'தான். 'எலிகேட்ஸ்' குழுவின் லோகா. அண்ணன் டேவிட் ஆறுமுகமும் அவரும் பந்துபோல் விரிந்த சுருள்முடியோடு மேடையில் நிற்கும் தோற்றம் ஒரு தலைமுறையின் கண்ணில் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தக் குழு பாடிய மலாய்ப் பாடல் ஒன்றின் தலைப்பு 'அண்டாய்ஞா அக்கு பெர்கி டூலு'. நான் முந்திப் போய்விட்டால் என்று பொருள். அவர் போன செய்தி கேட்டவர்கள் எந்தப் பாட்டைத் தேடிப் போட்டிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

லோகா எங்கள் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்காரர் அல்லர், பினாங்குக்காரர். அவரைப் பற்றி இங்கிருந்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த ஊருக்கு வரலாற்றில் இடம் தந்தவை இரண்டு: துப்பாக்கியும் தேர்தலும். 1948 ஜூன் 16ஆம் தேதி இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், மலாயாவில் பன்னிரண்டு ஆண்டு அவசரகாலம் தொடங்கியது. மலேசிய இந்தியர் காங்கிரஸை நடத்திய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த மண் இது. பிறகு அதே கட்சியின் சாமிவேலு 1974 முதல் 2008 வரை விடாமல் வைத்திருந்த தொகுதி. சுங்கை சிப்புட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்த ஊர்த் தோட்டத்து ஜனங்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பாடினார்கள், எந்தப் பாடகனைப் பார்த்துத் தலைமுடியை வளர்த்தார்கள் என்பதெல்லாம் யாருடைய குறிப்பேட்டிலும் ஏறவில்லை. இன்று அறுபதைத் தொடும் தோட்டத்துத் தமிழர் ஒருவரிடம் இளமைக்காலப் பாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் டி.எம்.எஸ்., எஸ்.பி.பி. என்று தொடங்கும் பட்டியலில் எலிகேட்ஸ் பெயரும் சர்வ சாதாரணமாக வந்து விழும். தமிழ்ப் பாட்டுப் பட்டியலில் ஒரு மலாய்ப் பாட்டுக் குழு ஏன் வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

முதலில் பினாங்கு. 1960களின் கடைசியில் அங்கே மின்கிதார்க் குழுக்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்தன. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்துபோன பிறகு பிடித்த மோகம் அது. பீட்டில்ஸ் வந்ததும் கொழுந்துவிட்டது. மலாய் இளைஞர்களிடையே 'பாப் யே யே' என்ற பெயரில் தனி இசையே கிளம்பியது. பினாங்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலியப் படையினர். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்காகத் தீவுக்கு வந்துபோன அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பிடித்ததைப் பாடத் தெரிந்தவனுக்கு விடுதிகளில் வேலை கிடைத்தது. கறுப்பின அமெரிக்கர்களின் 'சோல்', 'ஃபங்க்' இசை தீவுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. ஆறுமுகத்தின் பிள்ளைகள் குழு கட்டியது இந்தச் சூழலில்தான். அதன் பின் ஹாங்காங் விடுதிகளில் சில காலம் பாடித் தொழில் கற்றார்கள். 1970களின் இறுதியில் மலாய் இசைத்தட்டுகளோடு நாட்டுக்குள் மறுபடி அறிமுகமானபோது அவர்கள் பத்தாண்டு மேடைப் பழக்கம் உள்ளவர்கள்.

அவர்களை ராக் இசைக்காரர்கள் என்று சொல்லலாமா என்பது ரசிகர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. கிதாரை உடைப்பது, தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் அவர்களிடம் இல்லை. பெயர் பெற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை மெதுவாக நடக்கும் காதல் பாட்டுகள். என் கணிப்பில் லோகா ராக் என்ற சட்டைக்குள் முழுசாக நுழையாதவர். ஆனால் வளர்ந்தது ராக் குழுவின் ஒழுங்கில். மின்கிதார், பேஸ், டிரம்ஸ் என்ற எலும்புக்கூட்டின் மேல்தான் அந்தக் காதல் பாட்டுகள் நிற்கின்றன. டேவிட்டின் குரல் கனமானது. லோகாவினுடையது இளகிய குரல். சொல்லை முடிக்கும் இடத்தில் சற்றே தேய்த்து விடுவார். மலாய்ப் பாட்டு மரபில் அந்த இடத்தில் பொடிக் கமகம் போட்டுத்தான் பழக்கம். லோகா சோல் பாடகர்களைப்போல் மூச்சை விட்டுச் சொல்லைக் கரைத்தார். எம். நாசிர் என்ற இசையமைப்பாளரும் எஸ். அமின் ஷஹாப் என்ற பாடலாசிரியரும் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். நாசிர் பின்னாளில் மலாய் ராக் இசையையே உருவாக்கியவர்களில் ஒருவர் ஆனார். அமின் ஷஹாப்பின் வரிகளில் பழைய மலாய்க் காதல் கவிதையின் வாசனை உண்டு. ஆக, சிங்கப்பூரில் பிறந்த ஒரு மலாய்க்காரரின் மெட்டு, மலாய்க் கவிஞரின் சொல், பினாங்குத் தமிழரின் குரல், கறுப்பின அமெரிக்கரின் மூச்சு. இப்படி ஒரு கூட்டு அதற்கு முன்பு இந்நாட்டு மேடையில் ஏறியதில்லை.

தமிழர் மலாய்க் கலைக்குள் போனது அதற்கு முன்னும் உண்டு. சிங்கப்பூர் படக்கூடங்களில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். எல். கிருஷ்ணன் 1950இல் எடுத்த 'பக்தி' படந்தான் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கியது. ஆனால் அவர்கள் எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள். திரையில் தெரிந்த முகம் மலாய் முகம். ஆறுமுகம் சகோதரர்கள் முகத்தையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் எந்த ஆண்டுகளில்!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1969 மே 13 இனக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டிலிருந்து தேசியப் பண்பாட்டுக் கொள்கை பிறந்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகளின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடித்தளம். மற்றவர்களுடையவற்றில் பொருந்துவதைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்லாம் அதில் முக்கியக் கூறு. இவை அதன் மூன்று தூண்கள். 'பொருந்துவது' எது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்து தமிழரையும் சீனரையும் விடவில்லை. அதே நேரத்தில் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்படியாக விலக, மலாய் அந்த இடத்துக்கு வந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனால், மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். சீனப்பள்ளிப் பிள்ளைக்கும் அதே கதை. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடந்து வந்த வாசல் அது. நேற்றுவரை வகுப்பில் முதலாவதாக வந்தவன், இன்று வாயைத் திறந்தால் தப்பு. பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மலாய்மொழி அவனுக்குத் தேர்வுத்தாளாக, சிவப்பு மைத் திருத்தமாக, அரசாங்க அலுவலகத்துப் பாரமாகத்தான் அறிமுகமானது.

அந்த மொழியில் ஒரு தமிழ்க் குரல் கொஞ்சிப் பாடுவதை அவன் கேட்டான். மலாய்க்காரர்களும் அதே பாட்டைக் கேட்டு உருகினார்கள் என்பதையும் பார்த்தான். எலிகேட்ஸ் தோட்டத்துக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். யாரிடமும் கையேந்தாமல் அந்த மொழிக்குள் காலை நீட்டி உட்காரலாம் என்ற தைரியம். பாடப்புத்தகம் தராத மலாயைப் பாட்டு தந்தது. காதல் கடிதம் எழுதியவர்களுக்கு அதில் கூடுதல் லாபமும் இருந்தது.

அதற்குமுன் தோட்டத்தின் காது எப்படி இருந்தது? லயத்து வீட்டில் வானொலி என்றால் தமிழ் வானொலி. தமிழ் வானொலி என்றால் திரைப்பாட்டு. உள்ளூர்க் கலைஞர்களுக்கு வானொலி இடம் கொடுக்கத்தான் செய்தது. ஆனாலும் மனத்தை ஆண்டது சென்னை. திருவிழா மேடையில் தோட்டத்து இசைக்குழு பாடியதும் சென்னையின் பாட்டுதான். யார் டி.எம்.எஸ். மாதிரியே பாடுகிறார் என்பதில்தான் போட்டி. நகலெடுப்பது இழிவல்ல, அதற்கும் தேர்ச்சி வேண்டும். ஆனால் நம் குரலில் நமக்கென்று ஒரு புதுப் பாட்டு என்ற எண்ணம் தோட்டத்தில் வலுவாக எழவில்லை. இலங்கையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப் இசையை உண்டாக்கி, சென்னைக்கு வெளியேயும் தமிழில் துள்ளலாம் என்று காட்டினார்கள். மலேசியத் தமிழர் அந்தப் பாட்டுகளையும் விரும்பிக் கேட்டார்கள். எனினும் உள்ளூரில் சினிமாவுக்கு வெளியே, தன் முகத்தோடும் தன் பெயரோடும் ஒரு புதுப் பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோன தமிழர் என்று தேடினால் கிடைத்தவர்கள் மலாயில் பாடியவர்கள்.

இப்போது முடிக்கு வருகிறேன். இதை வேடிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு இது பாட்டைவிடக் கனமான விஷயம். விரிந்த சுருள்முடி 1960களின் கடைசியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தன்மானச் சின்னமாக எழுந்தது. முடியை நிமிர்த்தி, எண்ணெய் தடவிப் படிய வைத்து வெள்ளையரைப்போல் தோன்ற வேண்டியதில்லை என்ற அறிவிப்பு அது. மலேசியத் தமிழனுக்கு நிறம் எப்படிப்பட்ட சுமை என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் கேலி, வேலை கேட்கப் போன இடத்தில் ஒரு பார்வை, கல்யாணப் பேச்சில் நம்மவர்களே போடும் எடை. தமிழ்த் திரையில் கதாநாயகன் பவுடர் பூசிச் சிவந்திருந்தான். கறுத்தவனுக்கு நகைச்சுவை வேடம். அப்படிப்பட்ட காலத்தில் கறுத்த தேகத்துக்கு மேல் கறுத்த முடியை இன்னும் பெரிதாக விரித்துக்கொண்டு, ஒளிவட்டத்தின் நடுவில் இரண்டு தமிழர்கள் நின்றார்கள். ஒளித்து வைக்கப் பழகியதை அலங்காரமாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மரபை மீறியவர் என்று லோகாவைச் சொல்வதானால் மீறல் இங்கேதான் இருக்கிறது. பாட்டில் அவர் பணிவானவர்.

முடியை அரசாங்கங்கள் சும்மா விட்ட காலமும் இல்லை அது. சிங்கப்பூரில் நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 1972இல் 'லெட் செப்லின்' குழுவே முடியின் காரணத்தால் அங்கே பாட முடியாமல் திரும்பியது. மலேசியாவில் 1992இல் நீண்ட முடி ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்ற தடை வந்தது. 'சர்ச்' குழுவின் ஏமியும் 'விங்ஸ்' குழுவின் அவியும் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மட் முன்னிலையில் முடி வெட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. தலையில் வளர்வதுகூட அரசியலாக இருந்த நாட்டில், சுருள்முடியைத் தன் அடையாளமாகவே கடைசிவரை வைத்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்திலும் அதன் எதிரொலி உண்டு. சீப்புக்கு அடங்காத முடியோடு பிறந்தவனுக்கு அது அதுவரை அவமானம், திடீரென்று நாகரிகம். அப்பன்மார்கள் வழக்கம்போல் திட்டினார்கள்.

தோட்டம் அதற்குள் கலையத் தொடங்கியிருந்தது. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960இல் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. மற்றவற்றில் பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது; ஆள் தேவை குறைந்தது. 1980களிலும் 90களிலும் லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரக் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆலைகளுக்கும் போனவர்கள் கையில் பெரிதாக எதையும் கொண்டுபோகவில்லை. கோயிலைக்கூடச் சில இடங்களில் கொண்டுபோக முடியவில்லை. ஒலிநாடா இலேசானது, கூடவே போனது. லாரி ஓட்டுநரின் வண்டியிலும் ஆலைத் தொழிலாளியின் வாடகை அறையிலும் எலிகேட்ஸ் ஒலித்ததை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தலைநகருக்கென்றே அவர்கள் பாடிய 'செஞ்ஞும்லா கோலாலும்பூர்' அந்நகரைப் புன்னகைக்கச் சொல்கிறது. ஊரை இழந்து அங்கே போய்ச் சேர்ந்த தோட்டத்துப் பையன் அந்தப் பாட்டை எந்த மனத்தோடு கேட்டிருப்பான் என்பது வேறு சங்கதி.

ஆகவே இந்த வட்டாரத்து ரசிகர்களின் நினைவை வெறும் பக்தி என்று நான் எழுத மாட்டேன். அதில் ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. லோகா இறந்த அதே 2007இல், நவம்பர் 25ஆம் தேதி, இந்து உரிமை நடவடிக்கைக் குழுவான இண்ட்ராப்பின் பேரணிக்காக ஆயிரமாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர்த் தெருவில் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் அவர்கள்மேல் பாய்ந்தன. ஜூனில் ஒரு தமிழனின் குரலுக்காக இனம் பாராமல் அழுத நாடு. நவம்பரில் தமிழர்கள் கூட்டமாக வந்து தங்கள் குறையைச் சொன்னபோது முகம் மாறியது. அடுத்த ஆண்டு மார்ச் 8 தேர்தலில் சுங்கை சிப்புட் மக்கள் முப்பத்து நான்கு ஆண்டுப் பிரதிநிதியான சாமிவேலுவை வீட்டுக்கு அனுப்பி, சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மனிதனின் குரலை நேசிப்பது எளிது, அவன் பிறந்த கூட்டத்துக்கு இடம் விடுவது கடினம் என்பதை இந்த ஊர் ரசிகனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. லோகாவின் பாட்டை அவன் விடவும் இல்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறான்.

இந்த நினைவு எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. பேராக்கின் மலாய் இளைஞர்கள் ராக் இசையோடு வளர்ந்த கதைக்குச் சாட்சிகள் இருக்கின்றன. ஓவியர் லாட் வெளியிட்ட 'டவுன் பாய்' சித்திர நூலில், ஈப்போவில் ஒரு கம்பத்துப் பையனும் அவனுடைய சீன நண்பனும் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளில் மூழ்கிக் கிடப்பதைக் காணலாம். லாட்டின் தம்பி மாமாட் காலிட் 2005இல் எடுத்த 'ராக்' படம் 1980களின் ராக் குழு ஒன்றின் ஏழ்மையையும் கோமாளித்தனத்தையும் அன்போடு பதிவு செய்தது.  தமிழர் பக்கம், தோட்டம் கலைந்த பிந்திய வாழ்க்கையைச் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) துணிந்து காட்டியது. மறுஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வானது. ஆனால் அந்த விழாவிலேயே மலாய்மொழிப் படத்துக்கு ஒரு பரிசு, பிறமொழிப் படத்துக்கு வேறு பரிசு என்று பிரித்ததால் பெரிய சர்ச்சை கிளம்பியது. தமிழன் மலாயில் பாடினால் தேசியம், தமிழில் படமெடுத்தால் பிறமொழி. லோகாவுக்குத் திறந்த கதவின் அளவு எவ்வளவு என்பது இந்தச் சர்ச்சையில் தெரிந்துவிட்டது.

நம்மவர் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. மலேசியத் தமிழர் கலை என்று கட்டுரை எழுதும்போது தமிழில் பாடியவர், தமிழில் நடித்தவர் என்று வரம்பு கட்டிவிடுகிறோம். அந்த வரம்பில் லோகா வெளியே நிற்பார். மலாய்ப் பாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் அவரை உள்ளே வைக்கிறார்கள். ஆனால் புகுமுக வகுப்பும், நிறமும், லயமும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் லோகாவின் பாட்டு மலாய் ஏட்டில் இருக்கிறது, அந்தப் பாட்டைத் தோட்டம் கேட்ட விதம் எந்த ஏட்டிலும் இல்லை. கேட்டவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்கள் சேர்த்து வைத்த ஒலிநாடாக்களில் பூஞ்சை பிடித்திருக்கும். கல்யாண வரவேற்பில் கரோக்கே கருவியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் சரணத்தை மனப்பாடமாகப் பாடும் மாமாக்களிடம் எவரும் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதவில்லை.

லோகா மறைவதற்கு ஓராண்டு முன், 2006இல், யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' வெளிவந்தது. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா மெட்டொன்றை எடுத்து, மலேசியத் தெருத் தமிழில் ராப் பாடினார்கள். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்துக்காகச் சென்னை யோகி பி-யை அழைத்துக்கொண்டது. அதுநாள்வரை சென்னையிலிருந்து இங்கே வந்த பாட்டு, இப்போது இங்கிருந்து அங்கே போனது. இந்தப் பிள்ளைகள் எலிகேட்ஸின் நேர் வாரிசுகள் என்று சொன்னால் மிகையாகிவிடும். ராப் வேறு குலம். இருந்தாலும் தமிழ் முகம் நடுமேடையில் நிற்கலாம் என்பதை நாட்டின் கண்ணுக்குப் பழக்கிவிட்டவர்கள் முன்னவர்கள். 2004இல் முதல் மலேசியன் ஐடல் போட்டியில் ஜேக்லின் விக்டர் வென்று மலாய்ப் பாட்டின் முன்வரிசைக்கு வந்தபோது, இவர் எப்படி மலாயில் பாடலாம் என்று எவரும் வியக்கவில்லை. வியப்பு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செலவாகியிருந்தது.

தம்பி போன பிறகு டேவிட் குழுவை மூடவில்லை. டத்தோ பட்டம் பெற்ற பின்னும், முடி நரைத்த பின்னும், அந்தப் பழைய பாட்டுகளையே மேடை மேடையாகக் கொண்டுபோனார். இருவர் பாடியதை ஒருவர் பாடுவதில் இருக்கும் சங்கடம் கேட்பவர்களுக்குத் தெரியும். லோகா பாட வேண்டிய இடம் வரும்போது கூட்டமே அதைப் பாடி நிரப்பிவிடும். 2025 ஏப்ரலில் டேவிட்டும் காலமானார்.